டிசிபி அவசர பைட்: கேள்வி பதில்

கேள்வி: சார், லினக்ஸ் சர்வரில் அவசர டேட்டா வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவசர டேட்டா என்றால், டிசிபி இணைப்பில் ‘இதை உடனே கவனி’ என்று அனுப்புபவர் அடையாளமிடும் பைட். சாக்கெட்டுகளைக் கவனிக்கும் செலக்ட் அழைப்பு என்றால் அதன் மூன்றாவது (விதிவிலக்கு) பட்டியலில் சாக்கெட்டைச் சேருங்கள். அதே வேலையைச் செய்யும் போல் அழைப்பு என்றால் போல்ப்ரி கொடியைக் கேளுங்கள். அவசரத்தை அறிவிக்கும் சிக்அர்ஜ் சிக்னலாக வேண்டுமென்றால் முதலில் எஃப்_செட்ஓன் கட்டளை போட்டு, சாக்கெட் எந்த ப்ராசஸுக்குச் சொந்தம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் வராது.

இவையெல்லாம் அவசரம் உண்டு என்று மட்டும் சொல்லும். ஓட்டத்தில் எந்த இடத்தில் என்பதை சாக்அட்மார்க் என்ற அழைப்பு சொல்லும். சாதாரண ரீட் அடையாளத்தைத் தாண்டாமல் அங்கேயே நிற்கும். அப்போது சாக்அட்மார்க் 1 தரும். அடையாளம் வரை தேங்கிய டேட்டாவைத் தள்ளிவிட, தொலைவிலுள்ள கணினியை இயக்கும் டெல்நெட் இதைத்தான் பயன்படுத்தியது.

ஒன்றை மனதில் வையுங்கள்: தனிப்பாதை எதுவும் கிடையாது. அதே ஓட்டத்தில் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

கேள்வி: நாலு பைட்டை, அவசரமாக அனுப்பும் எம்எஸ்ஜி_ஓஓபி கொடி போட்டு அனுப்பினேன். ஒன்றுதான் அவசரமாக வந்தது.

கடைசி பைட் மட்டுமே அவசரம். மற்ற மூன்றும் சாதாரண ரீடில் கிடைக்கும்.

கேள்வி: டிசிபிக்குப் பதில் யுடிபி நெறிமுறையில் அவசர டேட்டா அனுப்ப முடியுமா?

முடியாது.

கேள்வி: அவசர பைட்டைப் படித்தால் ஐஇன்வால் பிழை வருகிறது.

அவசர பைட்டையும் சாதாரண ஓட்டத்திலேயே சேர்க்கும் எஸ்ஓ_ஓஓபிஇன்லைன் போட்டிருப்பீர்கள், அல்லது அந்த பைட்டை ஏற்கெனவே படித்திருப்பீர்கள்.

கேள்வி: கோ மொழி நிரலுக்கு, கெர்னல் அழைப்புகளையும் சிக்னல்களையும் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால் சிக்அர்ஜ் கொட்டுகிறது. யாராவது தாக்குகிறார்களா?

இல்லை. 2020இல் வந்த கோ 1.14 முதல், ஓடும் கோருட்டீனை (கோவின் இலகுவான இழை) இடைநிறுத்த அதன் ரன்டைமே இந்த சிக்னலை அனுப்புகிறது. அவசர டேட்டாவுக்காக இதை நம்பியிருக்கும் நிரல்கள் அரிது என்பதும் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

கேள்வி: அவசர இடத்தைக் குறிக்கும் அவசரச் சுட்டி, அவசர டேட்டாவின் கடைசி பைட்டைக் காட்ட வேண்டும் என்கிறது இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 1122. லினக்ஸ் அதற்கு அடுத்த பைட்டைக் காட்டுகிறது. லினக்ஸ் தப்புதானே?

நல்ல சண்டை இது. 1981இன் ஆர்எஃப்சி 793 இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொன்னது. 1989இல் 1122 கடைசி பைட்தான் என்று தீர்த்துவைத்தது. ஆனால் கெர்னல்கள், அடுத்த பைட்டைக் காட்டும் பிஎஸ்டி யுனிக்ஸ் வழியிலேயே போயின. 2011இல் 6093 நடைமுறையையே விதியாக்கியது. புதிய நிரல்கள் இந்த வசதியைத் தொட வேண்டாம் என்றும் சொன்னது.

கேள்வி: விதி முதலில் சொன்னதை மாற்றலாமா சார்? லினக்ஸில் 1122 வழிக்கு மாற்றும் டிசிபி_எஸ்டியூஆர்ஜி அமைப்பு இருக்கிறதே?

இருக்கிறது, இயல்பில் அணைந்தே இருக்கும். நீங்கள் மட்டும் அதைப் போட்டால் எதிர்முனையோடு ஒரு பைட் தள்ளிப்போகும். எதிர்முனைக்குப் புரியாத விதியால் உங்களுக்கு என்ன பயன்? வழியில் உள்ள சில ஃபயர்வால்கள் அவசரக் கொடியையே அழித்துவிடும். அப்புறம் எந்தச் சோதனையும் பலிக்காது.

கேள்வி: செலக்ட்டில் எப்படிப் பார்ப்பது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பெரிய கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது ரத்துக் கட்டளையைத் தனிப்பாதையில் அனுப்பலாமா?

திரும்பவும் சொல்கிறேன், தனிப்பாதை இல்லை. கட்டளைக்கு இன்னொரு டிசிபி இணைப்பைத் திறங்கள்.