நீர் வற்றும்போது பாறைக் குட்டையில்...

கேள்வி: கடற்கரைப் பூங்காவில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். போகும்போதெல்லாம் பாறைக் குட்டைகள் கடலுக்குள் முழுகிக் கிடக்கின்றன. எப்போது போவது?

பதில்: ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று காலை 7 மணிக்கு வற்றினால் நாளை 7.50 ஆகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அடுத்த ஓரிரு நாளிலும் கடல் நன்றாக உள்வாங்கும். அட்டவணை சொல்லும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, நீர் பின்வாங்கப் பின்வாங்கக் கீழே போங்கள். வற்றம் முழுமையானதும் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் உங்களுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முதலில் நீர் ஏறி வழி அடைபடும். கடலுக்கு முதுகு காட்டி உட்காரவே கூடாது.

கேள்வி: குனிந்து பார்த்தாலும் பாசியைத் தவிர எதுவும் தெரியவில்லையே?

பதில்: உங்கள் நிழல் நீரில் விழாத பக்கமாகக் குந்தி, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். நிழலைக் கண்டு இடுக்கில் ஒளிந்திருந்த மீன்குஞ்சும் இறாலும் வெளியே வரும். சங்கு ஒன்று நகரும். வழுக்கிப் போனால் அது நத்தை. தத்தித் தத்திப் போனால் உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறது. ஓரத்தில் சிப்பித் துணுக்கு ஒட்டிய கொழகொழ உருண்டை தென்பட்டால் கால் வைக்காதீர்கள். அது கடல் சாமந்தி. நீர் இறங்கியதும் உணர்கொம்புகளை உள்ளிழுத்து, உடல் காயாமல் துணுக்குகளைப் போர்த்தியிருக்கிறது.

சின்னக் குல்லா மாதிரி ஒட்டியிருப்பது லிம்பெட் என்ற நத்தை வகை. அதில் பல இனங்கள் மேய்ந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். ஓட்டு விளிம்பு அந்த இடத்தின் மேடுபள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும்படி தேய்ந்திருக்கும். பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் விளிம்பு பொருந்தாமல் ஈரம் கசிந்து, வெயிலில் வற்றிச் செத்துவிடும்.

கேள்வி: கல்லைப் புரட்டலாமா? குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

பதில்: பூங்கா விதி அனுமதித்தால் மட்டும், ஒரு கையால் தூக்க முடிகிற கல்லை மெதுவாகத் தூக்குங்கள். பார்த்தவுடன் இருந்தபடியே வைத்துவிடுங்கள். அடிப்பக்கம் வாழும் கடற்பஞ்சு வெயில் தாங்காது. மேல்பக்கப் பாசி இருட்டில் பிழைக்காது. கல்லைக் கவிழ்த்துப்போட்டால் இரண்டுமே சாகும். தொடுவதென்றால் நனைத்த ஒரு விரல் போதும். சன்ஸ்கிரீன் பூசிய கையை நீரில் விடாதீர்கள். நட்சத்திர மீனை இழுத்தால் அதன் குழாய்க் கால்கள் அறுந்து பாறையிலேயே தங்கிவிடும். வெப்பக் கடல்களில் கூம்புச் சங்கையும் நீல வளையப் பேய்க்கணவாயையும் தொடவே கூடாது. அவற்றின் விஷம் ஆளைக் கொல்லும்.

கேள்வி: ஒரே ஒரு நட்சத்திர மீனை எடுத்துப்போனால் என்ன குறைந்துவிடும்?

பதில்: எல்லோரும் ஒன்று ஒன்றாக எடுத்தால் பாறையே மாறிப்போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களைச் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார். அவை தின்றுவந்த சிப்பிகள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 இனங்கள் 8 ஆகக் குறைந்ததாக 1966இல் எழுதினார்.

கேள்வி: கணக்கெடுப்பில் என் எண்ணிக்கையும் தோழியின் எண்ணிக்கையும் ஒத்துப்போவதில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும், பாறைமேல் வைத்து எண்ணும் சட்டத்தின் விளிம்புதான் காரணம். 50 செ.மீ. சதுரச் சட்டத்தில் 10 செ.மீ.க்கு ஒரு நூல் கட்டினால் 25 கட்டம். ஒவ்வொன்றும் 4 சதவீதம். பாசியையும், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசையும் (பார்னக்கிள்) சதவீதமாகவும், நகரும் உயிர்களைத் தலை எண்ணியும் எழுதுங்கள். மேல், இடது விளிம்பைத் தொடுவதைச் சேர்ப்பது, கீழ், வலது விளிம்பைத் தொடுவதை விடுவது என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் மூடித் தகடு இல்லாத கொட்டலசு வெறும் கூடு, அதைச் சேர்க்காதீர்கள். உயிர்கள் நிறைந்த இடமாகத் தேடிச் சட்டம் வைத்தாலும் கணக்கு கெடும். ஒன்றுமே இல்லாத சட்டத்துக்குப் பூஜ்யம் என்று எழுதத்தான் வேண்டும்.