அரை மில்லிமீட்டர் சமாச்சாரம்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு 0.5 மைக்ரோடிப் பென்சில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் லெட் உடைந்துவிடுகிறது. விலை கூடிய லெட் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, தென்காசி

பதில்: லெட்டை மாற்றுவதற்கு முன் உடைந்து விழும் துண்டை எடுத்துப் பாருங்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது.

துண்டு இரண்டு மி.மீ. அளவில் இருந்தால், லெட்டை அதிகமாக வெளியே நீட்டி எழுதுகிறாள் என்று அர்த்தம். 0.5 லெட் அரை முதல் ஒரு மி.மீ. வரை வெளியே தெரிந்தால் போதும். பெரும்பாலான பென்சில்களில் அது ஒன்றிரண்டு அமுக்குதான். மூன்று நான்கு முறை அமுக்கிவிட்டால், கை கொடுக்கும் அழுத்தம் முழுவதும் உலோகக் குழாயின் விளிம்பில் விழுந்து, அங்கேயே ‘டிக்’கென்று முறியும்.

பட்டனை அமுக்கும்போது ஒரு சென்டிமீட்டர் துண்டாகத் தானே வந்து விழுகிறதா? அப்படியானால் பென்சில் கீழே விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் லெட்டெல்லாம் ஏற்கெனவே நொறுங்கிக் கிடக்கும். அவற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டும் இல்லை, கைதான் அழுத்தம் என்றால் 0.7க்கு மாறுங்கள். 0.5 என்று விற்கும் லெட்டின் அசல் விட்டம் சுமார் 0.56 மி.மீ. வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியை (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது என்பதால், 0.7 லெட் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். 0.5தான் வேண்டுமென்றால் எச்.பி. ரக லெட் போதும். 2பி கருப்பாக விழும். ஆனால் மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் முறியும்.

கேள்வி: பட்டனை அமுக்கினால் அமுங்குகிறது, லெட் வரமாட்டேன் என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். லெட்டைப் பிடிக்கும் பித்தளைக் கவ்விக்குள் ஒரு துணுக்கு சிக்கியிருக்கும். ரப்பரைக் கழற்றி, லெட்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். அடுத்து முன்பக்கக் கூம்பைத் திருகிக் கழற்றுங்கள், அதையும் தாளுக்கு மேலேயே செய்யுங்கள். சில பென்சில்களில் கவ்வியைச் சுற்றியிருக்கும் சின்ன வளையம் நழுவி விழும். அது தொலைந்தால் பென்சில் பிடிக்காது. பட்டனை அமுக்கியபடியே வைத்திருந்தால் கவ்வி வாய் திறக்கும். அதே அளவு லெட் ஒன்றை முன்பக்கமிருந்து உள்ளே விட்டுத் தள்ளுங்கள், துணுக்கு பின்னால் போய்விடும். கூம்பின் குழாய் அடைத்திருந்தால் நுனியிலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். சில பென்சில்களில் இதற்கென்றே ரப்பரின் அடியில் மெல்லிய கம்பி இருக்கும். தையல் ஊசி வேண்டாம், துளை அகன்றுவிடும். எண்ணெய் விடவே கூடாது. கிராஃபைட் தூளோடு சேர்ந்து பசையாகி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

திரும்ப நிரப்பும்போது இரண்டு மூன்று லெட் போதும். டப்பாவில் இருக்கும் பன்னிரண்டையும் திணிப்பதால்தான் பாதி அடைப்பு வருகிறது.

கேள்வி: ஒவ்வொரு லெட்டிலும் கடைசித் துண்டு வீணாகிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கவ்விக்கும் நுனிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருக்கும். லெட்டின் வால் கவ்வியைத் தாண்டிவிட்டால், கூம்புக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மட்டுமே அதைப் பிடிக்கிறது. அடுத்த லெட் பின்னாலிருந்து தள்ளும். ஆனாலும் எழுதும்போது துண்டு சுழலும், உள்ளே போகும். உருவி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: லெட் என்றால் ஈயம்தானே? பையன் வாயில் வைத்துக் கடிக்கிறான், பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

பதில்: அதில் ஈயம் இல்லை. இங்கிலாந்தின் பாரோடேலில் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்த கிராஃபைட்டை ஈய வகை என்று நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1779இல் வேதியியலாளர் ஷீலே அதைக் கரிமம் என்று காட்டினார். மரப் பென்சிலில் கிராஃபைட்டோடு களிமண்ணைச் சேர்த்துச் சுடுகிறார்கள். மெல்லிய லெட்டில் களிமண்ணுக்குப் பதில் பாலிமர். நீங்கள் பயப்பட வேண்டியது பின்பக்க மூடிக்கும் ரப்பருக்கும்தான். கடித்தால் கழன்று தொண்டையில் சிக்கும். பையன் சின்னவன் என்றால் இப்போதைக்கு மரப் பென்சிலே கொடுங்கள்.