வாசகர் கேள்வி–பதில்: “நான் ஏன் அம்மா இப்படிக் கறுப்பாக இருக்கிறேன்?”

கேள்வி: என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். இரவு உணவு வேளையில் குடும்பமாக உட்கார்ந்து தமிழ்த் தொடர்கள் பார்ப்பது எங்கள் வழக்கம். சில மாதங்களாக, கதாநாயகியின் முகம் திரையில் பெரிதாகத் தெரியும்போதெல்லாம் இவள் தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுக் குழம்பில் கிடக்கும் காயை மட்டும் தின்கிறாள். சென்ற வாரம், “நான் ஏன் அம்மா இப்படிக் கறுப்பாக இருக்கிறேன்?” என்று கேட்டாள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா? — ஒரு தாய், ஈசூன்

பதில்: உங்கள் மகள் அந்தக் கேள்வியை மனத்துக்குள் பூட்டி வைக்காமல் உங்களிடம் கேட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கை இருக்கும்வரை உங்களால் நிறையச் செய்ய முடியும்.

தொலைக்காட்சிக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று சிலர் ஐயப்படலாம். ஃபிஜித் தீவின் நட்ரோகா வட்டாரத்துக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. உடல் தேறிய பெண்ணையே வீட்டாரும் ஊராரும் நன்கு பேணி வளர்த்த பெண்ணாகக் கருதிய சமூகம் அது. மேலை நாட்டுத் தொடர்கள் அங்கே ஓடத் தொடங்கிய சில வாரங்களிலும், பின்னர் 1998இலும், ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவர் ஆன் பெக்கர் பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்தினார். உணவுப் பழக்கக் கோளாற்றின் அறிகுறிகள் கவலைக்குரிய அளவில் இருந்தவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகப் பெருகியிருந்தனர். எடையைக் குறைப்பதற்காகத் தாமே வாந்தி எடுக்கும் பழக்கம் முதலில் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் 11.3 விழுக்காட்டினரிடம் அது காணப்பட்டது. மாதிரி சிறியது என்பதையும், அந்த ஆண்டுகளில் வேறு மாற்றங்களும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதையும் மறக்கக்கூடாதுதான். ஆயினும், தலைமுறை தலைமுறையாக வந்த அழகுணர்ச்சியே இவ்வளவு விரைவில் தடம் மாறக்கூடும் என்றால், பிறந்ததிலிருந்தே திரையைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்தத் தாக்கம் உடல் பருமனோடு நிற்பதில்லை. நிறத்தில்தான் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. தமிழ்த் தொடர்களில் வெளிர் நிறமுள்ள பெண் கதாநாயகியாகவும், கறுத்த பெண் தோழியாகவோ வேலைக்காரியாகவோ வருவது நமக்குப் பழகிப்போய்விட்டது. கதைக்குக் கறுப்பான நாயகி தேவைப்படும்போதுகூட வெளிர் நிற நடிகைக்கு மாநிறச் சாயம் பூசி நடிக்க வைக்கிறார்கள். கறுப்பு நிறம் கதையில் ஒரு துன்பமாகத்தான் இடம்பெறும், அதைச் சுமக்கும் வாய்ப்பும் கறுத்த பெண்ணுக்குக் கிடைக்காது என்பதைப் பதினைந்து வயதுப் பெண் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறாள். இடைவேளை விளம்பரமும் அதையே சொல்லிவந்தது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, ‘க்ளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற 2020 ஆகிவிட்டது. கறுத்த தோல் உடையவர்களைத் தாழ்வாகவோ, வேலையிலும் திருமணத்திலும் தோற்றவர்களாகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. அப்படி ஒரு நெறிமுறை தேவைப்பட்டதிலிருந்தே, அதுவரை என்ன காட்டினார்கள் என்பது விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு படப்பிடிப்புத் தளத்தில், நடிகை ஒருவர் ஒப்பனை கலைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான்கைந்து பஞ்சுத் துண்டுகள் சந்தன நிறமாக நனைந்து குப்பைக்கூடைக்குப் போன பிறகு, என் தங்கையின் நிறத்தில் ஒரு முகம் தெரிந்தது. “டிவியில பார்க்குறது லைட்டோட முகம் அக்கா, இதுதான் என் முகம்” என்றார் அவர். உங்கள் மகள் தன் கையோடு ஒப்பிடுவது அந்த விளக்கொளியைத்தான்.

ஆகவே தொலைக்காட்சியை நிறுத்த வேண்டாம். நிறுத்தினாலும் கைத்தொலைபேசி இருக்கிறது. சேர்ந்து பாருங்கள், பார்க்கும்போதே பேசுங்கள். தூங்கி எழும் காட்சியில் உதட்டுச்சாயம் எப்படி வந்தது, இந்தத் தொடரில் நம் பாட்டியின் நிறத்தில் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் அவருக்கு என்ன வேடம் என்று அவளிடமே கேளுங்கள். கூடவே வீட்டுப் பேச்சையும் கவனியுங்கள். “வெயிலில் ஆடாதே, கறுத்துவிடுவாய்” என்பதும், “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்” என்பதும் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்தவை. அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லை முதலில் விட்டொழிக்க வேண்டும். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை எனப்படும் மாந்தளிர் நிறம். பிரிவுத் துயரில் அவள்மேல் படர்ந்து அந்த அழகை உண்டுவிடும் வெளிறலுக்குத்தான் பசலை என்று பெயர். வெளிறுவதை இழப்பாகப் பாடிய மொழியை உங்கள் மகள் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறாள் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள்.

சோற்றை ஒதுக்குவதை மட்டும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள். எடை குறைந்துகொண்டே போனாலோ, மாதவிடாய் தவறினாலோ, சாப்பிட்டவுடன் கழிவறைக்குச் சென்று நெடுநேரம் இருந்தாலோ, மருந்தகத்திலோ பலதுறை மருந்தகத்திலோ உடனே காட்டுங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கென்றே சிகிச்சை வழங்குகிறார்கள்; மருத்துவர் தேவை கருதி அங்கு அனுப்பிவைப்பார்.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. தொலைக்காட்சித் தொகுப்பாளினிபோல ஆகலாம் என்று சொல்லி, இணையத்தில் விற்ற வெண்மை க்ரீமைத் தோழி வாங்கித் தந்தாள். இரண்டு வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் எரிகிறது. டப்பாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எதுவும் எழுதப்படவில்லை. தொடரலாமா? — வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இன்றே நிறுத்துங்கள். இவ்வளவு விரைவில் வெளுக்கவைக்கும் க்ரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கக்கூடும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது, அதனால்தான் நிறம் மாறுகிறது; உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு நாளடைவில் தோலை மெலிய வைத்துவிடும். இத்தகைய க்ரீம்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. உங்கள் தோழியும் அதைப் பூசுகிறாள் என்றால் அவளிடமும் சொல்லுங்கள். டப்பாவை வெட்கப்பட்டு எறிந்துவிடாமல், மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.