தண்ணீர் குடிக்க எழுந்தவருக்கு

கேள்வி: எங்களுக்குக் குழந்தை பிறந்து 7 வாரம் ஆகிறது. மனைவி தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். என் அம்மாவிடம் எரிந்து விழுகிறாள். அவளுடைய அம்மா விசா முடிந்து ஊருக்குத் திரும்பியதிலிருந்து இன்னும் மோசம். காலையில் வேலைக்குப் போக வேண்டுமே என்று நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். குழந்தை நன்றாகத் தூங்குகிறது, இவள் விளக்குகூடப் போடாமல் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் ஹார்மோன், தானாகச் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. எத்தனை நாளாகும்?
(சிங்கப்பூர், ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: தண்ணீரைக் குடித்துவிட்டு என்ன செய்தீர்கள், தம்பி? அதை மட்டும் எழுதவில்லை. திரும்பிப் போய்ப் படுத்திருப்பீர்கள். அழுகையையும் கோபத்தையும் முதலில் சொன்னவர், உண்மையில் பயப்பட வேண்டியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

பிள்ளை அழுது தாய் விழித்திருப்பது எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை அயர்ந்து தூங்கியும் தாய்க்குக் கண் மூடவில்லை என்றால் அது வேறு விஷயம். புதுத் தாய்மாரின் மனநிலையை அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் எடின்பரோ கேள்வித்தாள் 1987இல் ஸ்காட்லாந்தில் உருவானது. மொத்தமே 10 கேள்விகள். மனக்கஷ்டத்தால் தூக்கம் கெடுகிறதா என்பது அதில் ஒன்று. விடையை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள்.

ஹார்மோன் கதைக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டெரோனும் ஏறிக்கொண்டே போகும். அவற்றைப் பெருமளவு சுரப்பது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்த சில நாளுக்குள் இரண்டும் மளமளவென்று இறங்கிவிடும். மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவதில் அதற்குப் பங்கு உண்டு. பெரும்பாலான தாய்மாருக்கு இரண்டு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். உங்கள் அம்மா சொல்வது அந்த அழுகைக்குப் பொருந்தும். 7ஆவது வாரத்திலும் இப்படியென்றால், மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். ஏறக்குறைய பத்தில் ஒரு தாய்க்கு வருவது. தைராய்டும் காரணமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அது கெட்டு, எரிச்சலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல் 'ஹார்மோன்' என்று கைகழுவுவது என்ன நியாயம்?

பிள்ளை பெற்றவளை வீடே தாங்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். பிரசவ மருந்தும் பூண்டுக் குழம்பும் மட்டுமா பத்தியம்? அம்மா, அக்கா, சித்தி என்று மாற்றி மாற்றிப் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. உங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அப்படி இருந்த ஒரே ஆளும் விமானம் ஏறிவிட்டார். அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் பிள்ளையின் அப்பா. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்!

இன்றைக்கே அறைக்குத் திரும்புங்கள். ராத்திரி 9 மணியிலிருந்து 2 மணிவரை பிள்ளை உங்கள் பொறுப்பு. பால் கொடுக்க மட்டும் மனைவி எழட்டும். டயப்பர் மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் நீங்கள். வேலை இருக்கிறதே என்பீர்கள். 2025 ஏப்ரல் முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள குழந்தைகளின் அப்பாக்களுக்கு 4 வாரத் தந்தையர் விடுப்பு உண்டு. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிச்சம் இருந்தால் ஊர்ப் பயணத்துக்கென்று சேர்த்து வைக்காமல் இப்போதே எடுங்கள்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். இருட்டில் உட்கார்ந்திருந்ததை நீங்களே சொல்லுங்கள். மனைவியைக் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வரும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்ற மருந்துகள் உண்டு. 1771 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்றோ, பிள்ளையைப் பற்றி விபரீதமாகவோ பேசினாலோ, யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றாலோ, ஒரு நிமிடமும் தனியே விடாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், மனைவியைப் பேச வைக்காதீர்கள். மருமகள் சொல்வதை இப்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், மத்தியானம் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். சமைக்க நேரமில்லை என்றால் அன்றைக்குச் சாப்பாட்டைக் கடையில் வாங்கி வாருங்கள்.