நவயதார்த்தவாதமும் நவதாராளவாதமும் உண்மையில் எங்கே பிரிகின்றன?

பன்னாட்டு அரசியலில் நவயதார்த்தவாதமும் நவதாராளவாதமும் நேர் எதிரான கோட்பாடுகளா, இந்தியா போன்ற ஒரு நாட்டின் போக்கை விளக்க அவற்றில் எது உதவும் என்பது கேள்வி. தண்டையார்பேட்டையில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். "ஒன்று போர் பற்றியது, மற்றது சமாதானம் பற்றியது" என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களை ஆண்டுதோறும் பார்ப்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

இவை எதிரெதிர் முகாம்கள் அல்ல, ஒரே வீட்டில் பிறந்து பாகப்பிரிவினையில் நிற்பவை. அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979-இல் வெளியிட்ட நூல் நவயதார்த்தவாதத்தின் அடித்தளம். நாடுகளுக்கு மேலே அவற்றைக் கட்டுப்படுத்தும் அரசு ஏதுமில்லை, ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கையே தனக்கு உதவி; நாடுகளின் நடத்தையைத் தீர்மானிப்பது தலைவர்களின் குணமோ ஆட்சிமுறையோ அல்ல, வல்லமை எந்தெந்த நாடுகளிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதே என்றார் அவர். நவதாராளவாதத்தின் தரப்பில் 1984-இல் எழுதிய ராபர்ட் கோஹேன் இந்த அடிப்படையை மறுக்கவில்லை. மேலரசு இல்லை என்பதையும், நாடுகள் தன்னலம் கருதிக் கணக்குப் போட்டுத்தான் நடக்கின்றன என்பதையும் ஏற்றுக்கொண்டே, அத்தகைய உலகிலும் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று வாதிட்டார். (தனியார்மயம், மானியக் குறைப்பு ஆகியவற்றைக் குறித்து நாளிதழ்கள் எழுதும் நவதாராளவாதம் வேறு, தேர்வில் இரண்டையும் கலந்துவிடக் கூடாது.)

கோஹேனின் விளக்கம் இதுதான். இரு தரப்புக்கும் ஆதாயம் தரக்கூடிய உடன்பாடுகள்கூட முறிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் அல்ல. எதிராளி சொன்ன சொல்லைக் காப்பாற்றுவானா என்ற ஐயமே. பன்னாட்டு அமைப்புகள் யார் என்ன செய்கிறார்கள் என்ற தகவலைப் பொதுவில் வைக்கின்றன, விதிமீறலைக் கண்காணிக்கின்றன, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேரம் பேசும் செலவைக் குறைக்கின்றன. நாளையும் இதே ஆட்களோடுதான் கொடுக்கல் வாங்கல் என்ற நினைப்பு இருக்கும் வரை, இன்று ஏமாற்றுவது லாபமாகத் தோன்றாது. இதற்கு 1988-இல் மறுப்பு எழுதிய ஜோசப் கிரிகோ, ஏமாற்றப்படும் அச்சம் பாதிக் கதைதான் என்றார். உடன்பாட்டால் எனக்குப் பத்தும் அடுத்தவனுக்கு இருபதும் கிடைத்தால், அந்த இருபது நாளை என் மீதே திரும்பக்கூடும் என்று நாடுகள் அஞ்சுகின்றன. எனக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது நவதாராளவாதம்; அவனைவிட எனக்குக் கூடுதலா குறைவா என்று பார்ப்பது நவயதார்த்தவாதம். பிரிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

இதை விளக்க நான் வகுப்பில் மணலியைத்தான் எடுத்துக்கொள்வேன். சென்னைத் துறைமுகத்தின் பாரதி கப்பல்துறையில் இறங்கும் கச்சா எண்ணெய், குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சேர்கிறது. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 1965-இல் அது நிறுவப்பட்டபோது இந்திய அரசுக்கு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனத்துக்கு 13 விழுக்காடும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 விழுக்காடும் பங்கு இருந்தன. 1979-இல் ஈரானில் புரட்சி நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டு, 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக வைக்கப்பட்டார்கள். இரு நாடுகளும் உறவை முறித்துக்கொண்ட அந்த ஆண்டுகளிலும் மணலி ஆலையின் பங்குதாரர் பட்டியலில் அமெரிக்க நிறுவனமும் ஈரானிய நிறுவனமும் சேர்ந்தே இருந்தன. அமோகோ தன் பங்கை விட்டு விலகியது 1985-இல்தான். ஆதாயம் தரும் ஓர் ஏற்பாடு, அதை உருவாக்கிய நட்பு மறைந்த பிறகும் நீடிக்கும் என்ற கோஹேனின் கருத்துக்கு, எங்கள் பகுதியிலேயே நிற்கும் சான்றாக இதை நான் கருதுகிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அமெரிக்கா ஈரான் மீதான தடைகளை மீண்டும் கொண்டுவந்து, இந்தியாவுக்கு அளித்திருந்த சலுகைக் காலமும் 2019 மே மாதத்தில் முடிந்ததும், இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. ஈரானுக்குப் பங்குள்ள ஆலைக்கே ஈரானின் எண்ணெய் வரவில்லை. இதைப் பார்த்ததும் பலர் வால்ட்ஸ் வென்றுவிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. இந்தியாவைப் பணியவைத்தது போர்க்கப்பல் அல்ல. டாலரில் நடக்கும் வங்கிப் பரிமாற்றமும், அதிலிருந்து விலக்கி வைக்கப்படுவோம் என்ற அச்சமுமே அதைச் செய்தன. ஒருவரையொருவர் சார்ந்திருப்பதில் ஏற்றத்தாழ்வு இருந்தால், குறைவாகச் சார்ந்திருப்பவர் கையில் அதுவே அதிகாரமாகிவிடும் என்று கோஹேனும் ஜோசப் நையும் 1977-லேயே எழுதியிருந்தார்கள். நவதாராளவாதம் உலகை இனிமையாக மட்டுமே பார்க்கிறது என்ற குற்றச்சாட்டு அவர்களைப் படிக்காமல் சொல்லப்படுவது.

2022-க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர்மாறு. மேற்கு நாடுகள் ரஷ்யா மீது தடைகளைக் குவித்தபோதும் இந்தியா ரஷ்ய எண்ணெயை முன்னெப்போதும் இல்லாத அளவில் வாங்கியது. அமெரிக்காவும் வெகுகாலம் அதைப் பொறுத்துக்கொண்டது. உலகச் சந்தையில் விலை ஏறிவிடக் கூடாது என்ற கவலை ஒரு காரணம். சீனாவுக்கு எதிர்எடையாக இந்தியா வேண்டும் என்ற கணக்கு இன்னொரு காரணம், அது வால்ட்ஸ் சொன்ன வல்லமைச் சமநிலைக் கணக்கேதான். அந்தப் பொறுமைக்கும் எல்லை இருந்தது என்பதை 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்கள் மீது விதிக்கப்பட்ட கூடுதல் 25 விழுக்காடு வரி காட்டியது.

எனவே எது சரி என்று கேட்பதைவிட, எந்த விவகாரத்தில் எது பேசும் என்று கேட்பதே பயனுள்ளது. 1991-இல் ராபர்ட் பவல் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த விடையைத் தந்தார். படைபலத்தைப் பயன்படுத்துவது லாபமாக இருக்கும் சூழலில்தான், அடுத்தவனுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் நம்மை உறுத்தும். அது கட்டுப்படியாகாத சூழலில் நாடுகள் தத்தம் ஆதாயத்தைப் பார்த்துக்கொண்டு ஒத்துழைக்கும். சீனாவோடான எல்லை விவகாரத்தில் கிரிகோவைப் போலவும், வேறு நாடுகளோடான வணிகத்தில் கோஹேனைப் போலவும் இந்தியா நடப்பதை முரண்பாடாக நான் பார்க்காததற்குக் காரணம் இதுவே. சிந்து நதி நீர் ஒப்பந்தத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். 1960-இல் கையெழுத்தாகி, 1965, 1971, 1999 போர்களையும் தாண்டி நின்ற அதை, பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது.

கணிப்பில் நவயதார்த்தவாதம் சறுக்கிய இடமும் உண்டு. சோவியத் ஒன்றியம் மறைந்த பின் நேட்டோ நெடுங்காலம் நீடிக்காது என்று வால்ட்ஸ் எதிர்பார்த்தார். 1990-இல் 16 நாடுகளாக இருந்த அது இன்று 32 நாடுகள்.

தேர்வுக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1978-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்காவும் ஈரானும் நண்பர்கள் என்ற நிலையிலிருந்து பகைவர்களானதற்கு வல்லமைப் பங்கீட்டில் பெரிய மாற்றம் காரணமல்ல, எந்தப் பன்னாட்டு அமைப்பின் தோல்வியும் காரணமல்ல. ஈரான் தன்னை யாரென்று கருதியது என்பது மாறிவிட்டது. இந்த மாற்றத்தை இரண்டு கோட்பாடுகளாலும் விளக்க முடிவதில்லை. மேலரசு இல்லாத நிலை எப்படிப்பட்டதாக அமையும் என்பது நாடுகள் ஒன்றையொன்று எப்படிக் காண்கின்றன என்பதைப் பொறுத்தது என்று 1992-இல் அலெக்ஸாண்டர் வெண்ட் எழுதியதிலிருந்துதான் அதற்கான தேடலைத் தொடங்க வேண்டும்.