ராணுவ அகாடமிக்குப் போகிறவரோடு காதல் நிலைக்குமா?

காதலர் அக்டோபரில் பரங்கிமலையில் இருக்கிற ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி) சேரப்போகிறார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதே பயத்தோடு இருந்தவள் நான். நாங்கள் தாண்டி வந்துவிட்டோம், அதனால் எழுதுகிறேன்.

மொத்தம் 49 வாரப் பயிற்சி. நான் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் தினமும் பரங்கிமலையைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியாது என்பதுதான் அதிகம் வலித்தது.

முதல் டெர்மில், அதாவது பயிற்சியின் முதல் பாதியில், அவர் கைக்கு போன் வருவதே அரிது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் சில நிமிடங்களில் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டுவேன். மறுபக்கம் "ம்" மட்டும் வரும். ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். ஆசை விட்டுப்போச்சு என்று நினைத்து இரண்டு வாரம் நான் போனையே எடுக்கவில்லை. விடியுமுன் எழுந்து, முதுகில் சுமையும் கையில் துப்பாக்கியுமாக ஓடுகிற உடம்புக்கு அது வெறும் அசதி. எனக்கு அப்போது புரியவில்லை. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படும்.

அப்புறம் கடிதம் எழுத ஆரம்பித்தேன். கடிதம் என்றால் அவருக்கு முடிகிறபோது படித்துக்கொள்ளலாம், பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. பிரிவைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதினேன். மாடியில் வடகம் காயப்போட்டது, பல்லாவரத்தில் ரயில் நின்றுபோனது, இப்படித்தான். அவர் திரும்பத் திரும்பப் படித்தது அவற்றைத்தானாம்.

இன்னொன்று, கல்யாணத் தேதி குறித்துவிடாதீர்கள். பயிற்சி முடியும்வரை திருமணம் செய்யக் கூடாது என்பது விதி. மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பயிற்சி முடியும் நாளும் நம் கையில் இல்லை. மார்ச்சில் முடிந்துவிடும் என்று எங்கள் வீட்டில் மண்டபம்கூடப் பார்த்துவைத்தார்கள். அவருக்கு முழங்காலில் அடிபட்டு, உடற்தகுதித் தேர்வில் தேறாமல் ரெலிகேட் ஆனார், அதாவது அதே டெர்மைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு டெர்ம் தள்ளிப்போனது. அந்த நேரத்தில் "மண்டபம் என்ன ஆச்சு?" என்று அவரிடம் யாரும் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான்.

இரண்டு வீட்டிலும் அவர் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லியிருந்தோம். அதனால்தான் செப்டம்பரில் அணிவகுப்பு முடிந்து, அவர் அம்மாவும் அப்பாவும் தோளில் அதிகாரிக்கான நட்சத்திரம் குத்தியபோது நானும் பக்கத்தில் நின்றேன்.