பிரிட்டன் எம்.எஸ்சி.: இரண்டு ஆண்டு வேலை விசாவை நம்பிக் கடன் வாங்கலாமா?

"மகளுக்கு பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது, 2026 செப்டம்பர் வகுப்பு. முடித்ததும் இரண்டு ஆண்டு அங்கேயே வேலை பார்க்கலாம், கடன் அடைந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். ஆட்சி மாறி விதியும் மாறிவிட்டதாமே?" என்று கேட்டிருக்கிறார் திண்டுக்கல் வாசகர் ஒருவர்.

மாறித்தான் இருக்கிறது, சார். படிப்பு முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் 'கிராஜுவேட் ரூட்' விசாவுக்கு 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் பழையபடி மூன்று ஆண்டு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கல்லூரியில் சேர்ந்த தேதி கணக்கில் வராது, படிப்பை முடித்து அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதியைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகள் முடிப்பதே 2027 கடைசியில்.

இது புதிதும் இல்லை. குடியேற்றத்தைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு வந்த டேவிட் கேமரூன் அரசு, 2012 ஏப்ரலில் அப்போதிருந்த இரண்டு ஆண்டு விசாவையே மூடியது. சில ஆண்டுகளில் இந்திய மாணவர் சேர்க்கை பாதிக்கும் கீழே போனது. 2019இல் போரிஸ் ஜான்சன் அரசு திரும்ப அறிவித்து, 2021 ஜூலையில் விசா திறந்ததும் நம் பிள்ளைகள் மறுபடி குவிந்தார்கள். 2024 ஜனவரி முதல் சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அதே ஆண்டு லேபர் கட்சி வந்தது, அடுத்த மே மாதமே இந்த 18 மாத அறிவிப்பு. எந்தக் கட்சி வந்தாலும் இதுதான் கதை. உள்ளூர் மாணவர் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால் பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும். குடியேற்றக் கணக்கில் மாணவர்களும் சேர்வதால் அமைச்சர்களுக்கு அந்த எண்ணிக்கை குறைய வேண்டும்.

சரி, கடன்? 18 மாதச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல், ஊர் திரும்பி வாங்கும் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வேண்டாம் என்பேன். கிராஜுவேட் விசாவை நீட்டிக்கவும் முடியாது. தொடர்ந்து இருக்க வேண்டுமானால் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனத்தில் வேலை வேண்டும், சம்பளத்துக்கும் அரசு வரம்பு வைத்திருக்கிறது. உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. மகளின் துறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், முன்பணம் கட்டுமுன் எந்தெந்தச் சூழலில் அதைத் திருப்பித் தருவார்கள் என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஏஜென்டின் வாய்வார்த்தை போதாது; அவருக்கு கமிஷன் தருவதும் அதே பல்கலைக்கழகம்தான்.